மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறிய கல்பாலம்

நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு பழைய கல்பாலம். இங்கிலாந்தின் வடபகுதியில், ஒரு காலத்தில் நூற்பாலைகளாக இருந்த ஊர் இது. பாலத்தின் கீழே கால்வாய், அதில் வாத்துகள். வந்த புதிதில் அந்தப் பாலம் ஏறும்போதெல்லாம் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவேன். நாற்றமே கிடையாது. ஆனால் கால்வாயைக் கண்டு மூக்கைப் பொத்தாமல் வடசென்னையின் எந்த எர்ணாவூர்க்காரி பாலம் ஏறுவாள்? தொட்டில் பழக்கம்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு லிண்டா வழிமறித்து டிஷ்யூவை நீட்டினாள். "தினமும் அழுதுகொண்டே போகிறாயே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் ஊர்க் கால்வாயைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

எனக்கும் செல்வி அக்காவுக்கும் பேச்சு முறுகியிருந்த சமயம் அது. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் அப்பா கட்டிய வீட்டில்தான் அக்கா இன்னும் இருக்கிறாள். அதை விற்றுவிட்டு வேறு நல்ல இடம் போ என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருப்பேன். அவளோ தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கால்வாயில் கழிவு விடுவதை நிறுத்தச் சொல்லி மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தாள். ஆகிற காரியமா என்று கேட்டால், "நீ போய்ட்ட. நாங்க இங்கதான கீறோம்" என்று வைத்துவிடுவாள். விறகுப் படகும் உப்புப் படகும் அந்தக் கால்வாயில் போனதை அப்பா கண்ணால் பார்த்தவர். நான் பார்த்ததெல்லாம் கறுப்புத் தண்ணீரும் கொசுவும்தான்.

நான் சொன்னதைக் கேட்டு லிண்டா சிரிக்கவில்லை. என்னைப் பாலத்துக்கு அடியில் கூட்டிப் போனாள். வளைவின் கல் விளிம்பில் விரல் நுழையும் ஆழத்துக்குத் தடங்கள். நிலக்கரிப் படகுகளைக் குதிரைகள் இழுத்தபோது கயிறு உரசி அறுத்தவையாம். "அப்போதெல்லாம் சாயப்பட்டறை எந்த நிறம் ஊற்றியதோ, அன்றைக்குத் தண்ணீரும் அந்த நிறம். என் அம்மாவும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவாள்" என்றாள். பிறகு எப்படி மாறியது என்று கேட்டேன். "கத்திக்கொண்டே இருந்தோம். நானே முட்டியளவு சேற்றில் இறங்கியிருக்கிறேன்."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டேன். "என்மேலதான் தப்பு. வீட்ட விக்க வேணாம்" என்றேன்.

"இன்னாடி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். அப்புறம் குரல் இளகியது. "ஆபீஸர் வந்து பாட்டில்ல தண்ணி புடிச்சிகினு போயிருக்காரு. பாப்போம். மாடில ஒரு ரூம் கட்டறோம், நீ வந்தா தங்க. ஜன்னலு எந்தப் பக்கம் வெக்கச் சொல்லட்டும்?"

எங்கள் தெருவில் கால்வாயைப் பார்த்து ஜன்னல் வைத்த வீடு ஒன்றுகூடக் கிடையாது.

"கால்வாய்ப் பக்கம்" என்றேன்.

"நீ வந்தா மூணு வாரத்துல திரும்ப ஃபிளைட் ஏறிடுவ. மீதி நாளு யாரு அத தொறந்து மூடறது?"

சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"சரி வுடு" என்றாள் அக்காவே. "நான் தொறந்து வெக்கறேன்."