ரிசீவரின் வலது கை

வலித்தைலத்தைத் திறந்தால் இந்த அமெரிக்கச் சிகிச்சை அறை ஒரு நொடி திருநெல்வேலி காய்கறிச் சந்தையாகிவிடுகிறது. அது அண்ணனின் தோள்பட்டை வாசம். லாரி மேலிருந்து ஒருவன் பூசணி கனத்தில் தடியங்காயை வீசுவான், கீழே அண்ணன் பிடிப்பான். விறைத்து நின்று பிடித்தால் விரல் போய்விடும். வருகிற காயோடு கையும் கொஞ்ச தூரம் பின்னால் போகவேண்டும்.

என் முன்னால் கை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவரும் அப்படிப் பிடித்தே பேர் வாங்கியவர். அமெரிக்கன் ஃபுட்பாலில் ரிசீவர். நீள்முட்டைப் பந்து வானத்தில் வரும். விலாவை உடைக்க இரண்டு பேர் ஓடிவருவார்கள். அவர் பந்தை மட்டும் பார்ப்பார். அமெரிக்காவின் தெற்கே பருத்திக்காட்டில் பிறந்து, அக்கா வீசிய துணிப்பந்தைப் பிடித்துப் பழகி, இந்த வடக்கு நகரத்துக்கு வந்து முழங்கால் ஓயும்வரை ஆடினார். இன்றும் கடைக்குப் போனால் சனம் தேடி வந்து கைகுலுக்குகிறது. வலிப்பது அந்தக் கைதான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்குவதில்லை. சிகிச்சைக்கு வந்தவர் பெயரை எழுதக்கூடாது. எழுதினாலும் நம்மூரில் யாருக்குத் தெரியும்? அண்ணனிடம் சொன்னபோது, “ரிசீவரா? பழைய போன்ல காதுல வைப்போமே, அதுவாலே?” என்றான்.

சனிக்கிழமை மைதானத்தில் அவருக்கு மரியாதை செய்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் அக்கா ஒரு பந்து வீச, தான் பிடிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று மாதமாகக் கேட்கிறார், “பிடித்துவிடுவேனா?” நானும் ஒவ்வொரு முறையும் “வீ வில் சீ” என்பேன். அவர் முகம் மலரும். எவ்வளவு பக்குவமான மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

வியாழன் காலை ஊர்த் திருவிழாவுக்கு அழைக்க அண்ணன் போனில் வந்தான்.

“ஏலே, கோயில் கொடைக்கு வாரியா?”

“பாப்போம்ணே.”

“அந்தப் பாப்போம நீயே வச்சுக்கோ. வரலன்னா வரலன்னு சொல்லித் தொலையேம்லே! ஒம் மதினி பக்கத்துல நின்னு சொல்லுதா, தம்பி பாப்போம்னுட்டாரா, அப்ப ஒரு எலையக் கொறச்சிருங்கன்னு.”

சிரித்தேன். போனை வைத்தபின் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். பார்ப்போம் என்போம், கேட்டவர் இலையைக் குறைத்துக்கொள்வார். அதையே நான் இத்தனை நாளும் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறேன். இங்கே அதற்கு, நடந்தாலும் நடக்கும் என்று பொருள். கேட்ட ஒவ்வொரு முறையும் அவர் ஓர் இலை கூடப் போட்டிருக்கிறார்.

அமெரிக்கா வந்து இருபது வருஷமாகிறது. அலுப்பாக இருக்கிறது. நாக்கு இன்னும் தாமிரபரணிக் கரையிலேயே நிற்கிறது; நான் மட்டும் இங்கே வேலைக்கு வந்துபோகிறேன்.

மதியம் பெரியவர் வந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தைலத்தைத் திறக்கவில்லை நான்.

“உங்களால் பிடிக்க முடியாது. பந்து பட்டால் அந்த விரல்கள் தாங்காது. முதல் மாதமே எனக்குத் தெரியும்.”

“பார்ப்போம் என்றாயே.”

“எங்கள் ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.”

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சட்டைக் கையை இறக்கி, இடது கையால் பொத்தானைப் போட முயன்றார். உதவ எழுந்தேன், தலையசைத்து விலக்கினார். பொத்தான் போடாமலே கதவுவரை நடந்து, அங்கே நின்றார்.

“அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மூன்று மாதமாக முற்றத்தில் நின்று வீசிப் பழகுகிறாள். இன்று காலை இங்கே வர பஸ் ஏறிவிட்டாள்.”