மைக்கில் கொடுத்த புண்ணியம்

பர்மாவில், மோல்மீனில் எங்கள் தெருவில் டோ ஓன் யீ அம்மாவின் குரலுக்குப் பிறகுதான் சேவல் கூவும். விடியுமுன் வாசல் கடையில், நூடுல்ஸ் மேல் ஊற்றும் மொஹிங்கா மீன் குழம்புப் பானையை அடுப்பில் ஏற்றுவார், கூடவே வாயையும் ஏற்றுவார். குழம்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டு எழுவதற்குள், யார் வீட்டு நாய் யார் வாசலில் என்ன செய்தது என்பதும் வயிற்றுக்குள் போய்விடும்.

வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகன் கோ தூரா படகுத்துறையில் வேலை பார்க்கிறான். மருமகள் மா யூபா. தவழும் வயசில் ஒரு பேத்தி.

தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின மாசம் ஒருநாள், சாப்பிட வந்தவர்கள் எதிரில் மருமகளைப் பார்த்து, "உங்கம்மா உனக்கு அடுப்புன்னு ஒண்ணு இருக்குன்னாவது சொல்லிக் கொடுத்தாளா?" என்று கேட்டுவிட்டார். மா யூபா கரண்டியைப் பானைக்குள்ளேயே விட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கோ தூரா அங்கே சாப்பிட்டு இங்கே தூங்கினான். ரெண்டு பக்கமும் அவனுக்கு வசவுதான்.

"அம்மா, உங்க மனசு கொஞ்சம் அடங்குச்சுன்னா அவ வருவா," என்றான்.

"என் மனசுக்கு என்ன கேடு? சரி, அடக்கிக் காட்டுறேன். அடங்கினா இந்த ஊர்லயே என் மனசு மாதிரி அடங்கின மனசு இருக்கக் கூடாது."

அப்படித்தான் அவர் தியான மடத்துக்கு வந்தார். திருவிழாவில் சின்னஞ்சிறுசுகள் தெருவில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்க, எங்கள் வயசுக்காரர்கள் மடத்தில் போய் உட்காருவது வழக்கம். எனக்கு அவருக்குப் பக்கத்துப் பாய். பழுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, படத்தில் இருக்கிற மகான் மாதிரி உட்கார்ந்திருந்தார். பயிற்சி ஒன்றும் கஷ்டமில்லை. வயிறு எழும்பினால் 'எழும்புது', தணிந்தால் 'தணியுது' என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். சத்தம் வந்தால் 'கேட்குது'. நினைப்பு வந்தால் 'நினைப்பு' என்று பேர் சொல்லி விட்டுவிட வேண்டும். மனசுக்குள் என்றுதான் மடத்துப் பெரிய சாமியான பிக்கு சொன்னார். இந்த அம்மா சொன்னது மூன்று பாய் தாண்டிக் கேட்டது.

சாயங்காலம் ஒவ்வொருவராகப் போய், தியானம் எப்படி நடக்கிறது என்று பெரிய சாமியிடம் சொல்ல வேண்டும்.

"மனசுல என்ன ஓடுது?"

"மருமக ஓடுறா, சாமி."

"'நினைப்பு'ன்னு பேர் வச்சு விடுங்க."

"வச்சுப் பார்த்துட்டேன், சாமி. பேர் வச்சாலும் போக மாட்டேங்குறா. பிடிவாதக்காரி."

சாமி வாசல் பக்கம் திரும்பினார். "அடுத்தவங்க வாங்க," என்றார்.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, அந்த அம்மா நாலு நாள் யாரையும் திட்டவில்லை. கோ தூரா வந்து எட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் ஓடினான். "அம்மா ஒருத்தரையும் திட்டவே இல்ல, யூபா. சத்தியமா." அவளும் மனமிரங்கி, திரும்பி வரத் துணிமணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

கடைசி நாள் காலைச் சாப்பாடு டோ ஓன் யீ அம்மாவின் தானம். அவர் கையால் மொஹிங்கா. தானம் கொடுத்தவர் மைக் முன்னால் உட்கார்ந்து புண்ணியத்தைப் பங்கு கொடுக்கலாம். தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது. எல்லோரும் "எல்லா உயிரும் பங்கு பெறட்டும்" என்று சொல்லி முடிப்பார்கள். இந்த அம்மாவுக்கு அது போதவில்லை.

"என் மனசு அடங்கிப்போச்சு," என்று ஆரம்பித்தார். குரல் தேன் மாதிரி இருந்தது. "இந்தப் புண்ணியத்துல ஒரு பங்கை, கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன என் மருமக மா யூபாவுக்குக் கொடுக்குறேன். பாவம், சின்னப் பொண்ணு. அவளோட கோபமும் தணியட்டும். சமையலும் வரட்டும்."

புண்ணியம் பங்கு கொடுக்கும் சத்தம் காதில் விழுந்தால், இருக்கிற இடத்திலேயே கைகூப்பி, 'நல்லது, ஆகட்டும்' என்ற பொருளில் "சாது" என்று மூன்று தரம் சொல்வது எங்கள் பழக்கம். யாருக்கு, எதற்கு என்று யாரும் யோசிப்பதில்லை. அடுத்த தெரு மொத்தமும் சொன்னது. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த மா யூபாவின் அம்மாவும் ஈரக் கையைக் கூப்பி, "சாது, சாது, சாது" என்று சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று விழித்தார். மா யூபா பெட்டியைப் பிரித்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் டோ ஓன் யீ அம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "புண்ணியம் கொடுத்தா கோபப்படுறாளே, பார்த்தியா?" என்று என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினார். மடத்தில் நடக்கச் சொல்லிக் கொடுத்தபடி, வழியெல்லாம் காலை எடுக்கும்போது 'தூக்குது', ஊன்றும்போது 'வைக்குது' என்று அடிமேல் அடி வைத்து நடந்ததில், அடுத்த தெரு வெகுதூரம் ஆகிவிட்டது.

மா யூபா முற்றத்தில் நின்றபடியே ஆரம்பித்தாள். "ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கினது போதாதா? இங்க என்ன வேலை?"

டோ ஓன் யீ அம்மா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. "கேட்குது, கேட்குது, கேட்குது."

"என்ன முணுமுணுக்குறீங்க?"

"கேட்குது, கேட்குது."

"முன்னாடி திட்டுவீங்க, நானும் ஒரு வார்த்தை பதில் சொல்லுவேன். இப்ப நான் வெறும் சத்தமா? நான் என்ன ஈயா, கொசுவா? இதுக்கு நீங்க திட்டினதே மேல்."

அப்போது பேத்தி தவழ்ந்து வந்தது. அந்த அம்மா கண்ணைத் திறந்தார். 'பார்க்குது' என்று சொல்லிக்கொண்டே, மடத்தில் பழகின அதே அசையாத முகத்தோடு மெதுவாகக் கையை நீட்டினார். குழந்தை அந்த முகத்தைப் பார்த்தது. யாரோ என்று நினைத்து வீறிட்டு, மா யூபாவின் கைலி மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அந்த அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. எதற்கும் பேர் வைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"என்னைத் தெரியலையே இதுக்கு," என்றார். பிறகு, "மைக்குல சொன்னது என் தப்புதான். சமையல் வரட்டும்னு சொன்னது கொழுப்பு. அன்னைக்குச் சாப்பிட வந்தவங்க எதிர்ல அடுப்பைப் பத்திக் கேட்டதும் கொழுப்புதான். நீ இல்லாத வீட்ல எனக்கு அடங்கி என்ன ஆகப்போகுது?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது சரி, குழந்தை தலையில எண்ணெயே இல்லையே. எப்படிடி வளர்க்குறீங்க?"

மா யூபாவின் அம்மா வாயைத் திறந்தார். மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வரேன்," என்றாள். "ஆனா என்கிட்ட பேசும்போது கண்ணை மூடக் கூடாது. 'கேட்குது'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சோ, அன்னைக்கே பெட்டியைத் தூக்கிருவேன்."

"சரி."

"மைக்கைத் தொடக் கூடாது."

இதற்குத்தான் அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார்.

இப்போதும் தினம் விடியுமுன் உட்காருகிறார். அதில் பலன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். முன்னே மூச்சு விடாமல் திட்டுவார், இப்போது நடுவில் மூச்சு விடுகிறார். அந்த இடைவெளியில் மா யூபா பதில் சொல்லிவிடுகிறாள்.

அடுத்த திருவிழாவிலும் அவர் தானம்தான். மைக் முன்னால் போய் உட்கார்ந்தபோது எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தன. "எல்லா உயிரும் பங்கு பெறட்டும்" என்று சொன்னார். மேலே ஏதோ சொல்லத் தொண்டையைக் கனைத்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார்.

மா யூபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மைக்கின் வயரைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அவ்வளவுதான்," என்று முடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் "சாது" சொன்னோம்.