கறுத்தால் கவரிங்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் நோர்வேயின் ஒஸ்லோவில் தமிழ்க் கல்யாணம் ஒன்றுக்குப் போனால் எனக்கு நிம்மதியாகச் சாப்பிடக் கிடைக்காது. நகர நடுவில், கைப்பையும் சப்பாத்தும் திருத்தும் கடை ஒன்றில் எனக்கு வேலை. அது போதாதா? சோற்றுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போதே ஒருத்தி தன் பையை என் மூக்குக்குக் கீழே நீட்டுவாள். "சொல்லும் பாப்பம், அசலோ கொப்பியோ?" எனக்கும் வாய் சும்மா கிடக்காது. "கொப்பிதான். ஆனா நல்ல கொப்பி" என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பேன். சிலர் அதோடு என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். நல்லதாய்ப் போயிற்று.

பையைப் பிரித்துத் தைக்கிறவளுக்கு அதன் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தெரியும். அசலில் மூலை திரும்பும் இடத்திலும் தையல் அதே அளவில் போகும். கொப்பியில் அந்த இடத்தில்தான் அவசரம் தெரியும். இதையெல்லாம் எங்கள் தமிழ் ஆட்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம், அதுவும் நகைக்கடைச் சட்டம். கறுத்தால் கவரிங், கறுக்காவிட்டால் பவுன்.

ஒரு மத்தியானம், எல்லிங்ஸ்ருட் தொடர்மாடியில் எங்களுக்குக் கீழ்த் தளத்தில் குடியிருந்த அக்கா கடைக்குள் வந்தார். வேலையால் நேரே வந்திருந்தார், யூனிபோம்கூட மாற்றவில்லை. பிளாஸ்ரிக் பைக்குள்ளிருந்து ஒரு கைப்பையை எடுத்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இது கொப்பி எண்டு ஒருக்காச் சொல்லன்."

கேட்ட விதமே எனக்குப் புதிது. எல்லாரும் அசல் என்ற சொல்லுக்காகத்தான் என்னிடம் வருவார்கள்.

"மூண்டு மாசத்துக்கு முதல் தம்பி தந்தவன்" என்றார். தம்பி என்றது அவருடைய ஒரே மகனை, பத்தொன்பது வயது. தனி ஆளாய் வளர்த்த பிள்ளை. "ஆரோ சிநேகிதன் தாய்லாந்தாலை கொண்டந்த மலிவுக் கொப்பி எண்டவன். நேற்றுக் கோயிலிலை ஒருத்தி பாத்திட்டு, உது அசல், உன்ரை ஒரு மாசச் சம்பளம் வரும் எண்டு சொல்லிப்போட்டாள். எனக்கு ராமுழுக்க நித்திரை இல்லை. படிப்பும் இல்லை, வேலையும் இல்லாமல் வீட்டிலை படுத்துக் கிடக்கிறவன். அசலெண்டால் அவனுக்கு எங்காலை காசு?"

பிறகு தானே ஒரு சாட்சியையும் காட்டினார். "இஞ்சை பார், கைப்பிடி கறுத்துப்போய்க் கிடக்கு. கவரிங் சங்கிலி மாதிரி. அசல் கறுக்குமே?" சிரிக்கவும் பார்த்தார், பாவம்.

நான் பையைத் திருப்பினேன். மூலையில் தையலைப் பார்த்தேன். சிப்பை இழுத்தேன். கைப்பிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அந்த வகைப் பையின் கைப்பிடி சாயம் பூசாத வெறுந்தோல். புதிதில் வெளிறிப்போய் இருக்கும். கைச்சூடும் வியர்வையும் பட்டுப் பட்டு, வருடக்கணக்கில்தான் அது தேன் நிறமாகிப் பிறகு கறுக்கும். கொப்பியின் கைப்பிடி கறுக்காது. உரியும்.

"அக்கா, அவன் தரேக்கையே இது கறுப்போ?"

"ஓம், அப்பவே இப்பிடித்தான். அதாலைதானே மலிவுச் சாமான் எண்டு நம்பினனான்."

ஐயோ கடவுளே! கல்யாண மண்டபத்தில் எத்தனை பேரிடம் கொப்பி என்று சும்மா சொல்லியிருப்பேன்! அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. பொய் சொல்லியிருந்தாலும் என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

"கறுத்ததாலைதான் அக்கா இது அசல்" என்றேன். "புதுசும் இல்லை. ஆரோ ஒரு பொம்பிளை கனகாலம் பிடிச்ச பை."

அக்கா கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எங்கையாவது பழஞ்சாமான் சந்தையிலை வாங்கியிருப்பான் அக்கா. பெடியளுக்கு உதெல்லாம் எங்கை தெரியப்போகுது?"

"ஓம், ஓம். தெரியாமல்தான் வாங்கியிருப்பான்" என்று அதையே பிடித்துக்கொண்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து மகனை அழைத்தார். அது பழைய தொலைபேசி. அவன் 'ஹலோ' சொன்னது எனக்கும் கேட்டது.

"தம்பி, நீ தந்த பை கொப்பிதானாம். கடையிலை சொல்லினம். ஒண்டுக்கும் உதவாதாம். இப்ப இதிலை குப்பைக்குள்ளை போட்டிட்டு வாறன்."

நான் திகைத்துப்போனேன். பயந்த சுபாவமுள்ள அந்த மனுசிக்கு இப்படியொரு பொய் சொல்லத் தெரியுமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"நை, நை! வேண்டாம் அம்மா, எறியாதேங்கோ!" அவன் கத்தினான். "அவைக்கு ஒண்டும் தெரியாது. அது அசல் அம்மா! எனக்குத் தெரியும், அது அசல்தான்!"

தாயிடம் கொப்பி என்று சொன்ன அதே வாய்.

அக்கா கத்தவில்லை, திட்டவில்லை. "ஆருடைய பை, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அவன் தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதைப் பொலிசிலை குடுக்கப் போனால் நோர்வேப் பாஷையிலை கதைக்கவேணும், தங்கச்சி. எங்கை போனாலும் எனக்குத் தம்பிதான் கதைச்சுத் தாறவன். நீ வாறியே?"