குளிசைக் கூட்டுக்குள் மரங்கொத்தி

பேசாலை ஊர்ச் சிசிலி மொன்றியாலுக்கு வந்து மூன்றாவது குளிர்காலம் அது. இன்னும் சீருடைக்காரரைக் கண்டால், ஊர்ச் சோதனைச்சாவடிப் பழக்கத்தில், கை தானாகப் பையைத் திறந்து காட்டப் போகும். அகதி வழக்கு முடியவில்லை. விசாரணையில், "நீ அந்த ஊரில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டிருந்தார்கள். சிறு பிழை விட்டாலும் திருப்பி விமானமேற்றிவிடுவார்கள் என்ற பயம் சோற்றோடு சோறாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகக் கட்டடமொன்றைத் துப்புரவாக்குவது அவள் வேலை. ஒருநாள் ஆய்வுகூடத் தரையில் மருந்து அடைக்கும் கண்ணாடி போன்ற குளிசைக் கூடு ஒன்று, உள்ளே ஏதோ பழுப்பாய், கிடந்தது. பாவம், எந்த வருத்தக்காரர் விழுத்தினாரோ, நாளைக்குக் கொடுக்கலாமென்று வேலை மேலங்கிப் பையில் போட்டாள். பிறகு மறந்து, அங்கியைச் சுடுதண்ணீரில் தோய்த்தும்விட்டாள்.

மறுநாள் கூட வேலைசெய்யும் ஞானேந்திரன் வாளியோடு வந்தார்.

"சங்கதி தெரியுமே பிள்ளை? புரொபெசரின்ரை எலும்பைக் காணேல்லையாம்."

"ஐயோ! விழுந்துபோனாரே அண்ணை?"

"அவரின்ரை எலும்பில்லை, மரங்கொத்தியின்ரை! ஏதோ ஒரு தீவிலை மட்டும் இருந்த சாதியாம். அழிஞ்சுபோச்சு. குகைக்கை எடுத்த கொஞ்ச எலும்புதான் மிச்சமாம். அதிலை ஒண்டைக் குளிசைக் கூட்டுக்கை வைச்சிருந்தவராம்."

சிசிலி கையை மேலங்கிப் பைக்குள் விட்டாள். கூடு உருகிப் பசையாய்க் காய்ந்திருந்தது. தையல் மூலையில் ஏதோ விரலில் குத்தியது.

"அண்ணை, அது என்னட்டை."

ஞானேந்திரனின் சிரிப்பு நின்றது. "விசரே உமக்கு? குப்பைக்கை போட்டிட்டுப் பேசாமல் இரும். களவெண்டு பொலிஸ் வந்தால் உம்மடை கேஸ் என்னாகும்?"

குப்பைத்தொட்டி காலடியில்தான் இருந்தது. தொட்டிக்கு மேலே கையை நீட்டினாள். உள்ளங்கையில் பாதித் தீக்குச்சியளவு பழுப்பு எலும்பு. இப்படியொரு பறவை இருந்ததென்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி. விரல்கள் விரிய மறுத்தன.

ஆய்வுகூடக் கதவைத் தட்டினாள். உள்ளே புரொபெசருக்குப் பக்கத்தில் சீருடையோடு காவலாளி. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். புரொபெசர் "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி எலும்பை வாங்கினார்.

காவலாளி எலும்பைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். அவன் கேட்பதற்கு முன்பே சிசிலி தன் முழுப்பெயரைச் சொன்னாள்.