1666-இல் வெட்டிய குளம்

ஜனவரி 11, காலை ஆறரைக்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். சங்கரன்கோவிலுக்கு முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். போவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. மில்லில் மூட்டை தூக்கும் வேலை முந்தின நாளோடு முடிந்துவிட்டது. ஸ்டாண்டுக்கு வந்தபோது புறப்படத் தயாராக நின்றது அந்த பஸ்தான்.

ஏழே முக்காலுக்கு சங்கரன்கோவில். டீ பன்னிரண்டு ரூபாய். டீக்கடை பெஞ்சில் ஒருவர் ஆறு பெயின்ட் வாளிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு, எப்படி பஸ் ஏற்றுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எங்கன போறீரு?"

"முடிவு பண்ணலை."

"அப்ப இந்த மூணு வாளிய எடும். போகப் போக முடிவு பண்ணிக்கிடலாம்."

அவர் பெயர் இசக்கி, சுவர் ஓவியர். திருவேங்கடம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் வேலை. சாப்பாடும் ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாயும் தருவதாகச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். படுக்கை பம்ப்செட் அறையில். தரை ஈரம், கொசு தாராளம். உரச்சாக்கு இரண்டு கிடைத்ததால் குறையில்லை.

ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதக் கூடாது என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். சுற்றிலும் கரிசல், உளுந்தும் பருத்தியும். ஊருக்கு மேற்கே ஒரு குளம், மழை பெய்து நிறைந்திருந்தது. அதன் மடையில் ஒரு கல். தலைப்பக்கம் உடைந்துபோய், பழைய தமிழ் எண்ணில் 841 என்பதும் தை என்பதும் மட்டும் மிஞ்சியிருந்தன. பக்கத்து ஊர்க் குளத்திலும் அப்படி ஒரு கல் உண்டு, அதில் 868. காணும் பொங்கலன்று இரண்டு ஊரும் இந்தக் கரையில்தான் கூடும். மூத்த குளத்து ஊர்த் தலைவர் மடையில் முதல் தேங்காய் உடைக்க வேண்டும், மற்றவர் இரண்டாவது. இருபத்தேழு வருஷ மூப்பில் அந்த முதல் தேங்காய் இந்த ஊருக்கே என்றைக்கும் இருந்துவந்தது.

இந்த வருஷம் உடைக்க வேண்டியவர் பொன்னுத்தாய். ஆடு மேய்க்கும் குடும்பம், முதன்முறையாகப் பஞ்சாயத்துத் தலைவர் ஆனவர். கரையோரம் கட்டிய நூறடிச் சுவரில், குளம் வெட்டிய ஆண்டில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று படமாகத் தீட்டச் சொன்னது அவர் யோசனை. இசக்கி ஆள் உயரத்துக்கு 841 என்று எழுதியிருந்தார். மிச்சச் சுவர் வெள்ளையாக நின்றது.

பகல் பதினொன்றுக்குத் தூக்குச்சட்டியோடு தலைவர் வந்தார்.

"ஏலே இசக்கி, செவரு இன்னும் மொட்டையாவே நிக்கி?"

"நான் என்னக்கா செய்ய? போன தட்டித் தட்டி வெரலு தேஞ்சுபோச்சு. 841-ல ஏதோ ஒரு தேசத்துல அண்ணன் தம்பி சண்டையாம். அம்புட்டுத்தான் கெடைக்கி."

"அது நம்ம தெருவுலயே தெனம் நடக்கு. வேற ஒண்ணும் நடக்கலயா? உலகமே சும்மாவா இருந்துச்சு?"

"எல்லாரும் நம்ம குளத்த வெட்ட வந்திருப்பாங்க போல."

நான் மஞ்சள் கலக்கிக்கொண்டிருந்தேன். எதிரே மின்கம்பத்தில் ஒரு கோயில் விழா அழைப்பிதழ் ஒட்டியிருந்தது. நாள் போட்டிருந்த வரியில் 'கொல்லம் 1200, தை' என்று கண்டேன். கோட்டயத்தில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருஷம் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தவன் நான். அங்கே சமையலறைக் காலண்டரில் இங்கிலீஷ் ஆண்டுக்குப் பக்கத்தில் மலையாளத்தாரின் இந்தக் கொல்லம் ஆண்டும் இருக்கும். தை மாதத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 825. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் அந்தக் கழித்தலைத் தினமும் சுவரில் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பழைய கற்களும் பத்திரங்களும் கொல்லம் ஆண்டில்தானே இருக்கும் என்று கேட்டேன்.

பொன்னுத்தாய் கம்பத்துக்குப் போய் அழைப்பிதழைப் படித்தார். திரும்பி வந்து சுவரைப் பார்த்தார்.

"எங்க வீட்டுப் பழைய பத்திரத்துலயும் கொல்லம்தான் போட்டிருக்கும்" என்றார் மெதுவாக. "841-ஓட 825. கூட்டிச் சொல்லும்."

"1666."

"எண்ணூத்திச் சொச்சம் வருசத்த ஒரு வாளி மஞ்சள் கலக்குத நேரத்துல தின்னுட்டீரே அண்ணாச்சி!" என்றார் பொன்னுத்தாய்.

இசக்கி வாய்ப்புக் கிடைத்ததென்று 1666-ஐப் போனில் தட்டினார். கொட்டியது. லண்டனில் ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ நாலு நாள் எரிந்து ஊரையே தின்றிருக்கிறது. தாஜ்மகாலைக் கட்டிய பாதுஷா, மகன் வைத்த காவலிலேயே ஆக்ராவில் கண் மூடியிருக்கிறார். அதே ஆக்ராவில் சிறைப்பட்டிருந்த மராட்டிய வீரர் பலகாரக் கூடையில் ஒளிந்து தப்பியதும் அந்த ஆண்டு. கொள்ளைநோயால் கல்லூரியை மூட, ஊருக்கு வந்த ஒருவர் ஆப்பிள் விழுவதைப் பார்த்து யோசித்ததும் அப்போதுதான் என்கிறார்கள்.

"அக்கா, நூறடி பத்தாது!" என்றார் இசக்கி.

"ஒனக்குச் செவரு நெறஞ்சா போதும். 1666-னு எழுதுனா அவங்க 868 மூத்ததா ஆயிரும்லா? மொதத் தேங்கா போயிரும். பொம்பள தலைவரா வந்தா, மரியாதையத் தொலைச்சான்னு எங்க ஊரே பேசும்."

"அப்ப 841-யே இருக்கட்டும். இவரு வெளியூரு. எனக்கு மறதி சாஸ்தி."

பொன்னுத்தாய் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனார். அன்று நாங்கள் ஒரு கோடும் போடவில்லை.

ஜனவரி 12, காலை ஏழு. பொன்னுத்தாய் ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தார்.

"அழிச்சிரு. பொய்ய எழுதிவச்சு அதுக்கு முன்னால நின்னு தேங்கா ஒடைக்க எனக்குக் கை வராது. அவங்களுக்குச் சேர வேண்டியதுன்னா அவங்களே ஒடைக்கட்டும்."

நாலு நாள் ஓடினோம். நான் தீக்குச் சிவப்பும், தாஜ்மகாலுக்கு வெள்ளையும் கலக்கினேன். ஏணியில் நின்று தோள் வீங்கியது, தேங்காயெண்ணெய் தடவச் சரியாயிற்று. பலகாரக் கூடையில் இசக்கி அதிரசமும் முறுக்கும் வரைந்தார், வேறு பலகாரம் அவருக்கு வரையத் தெரியாது. லண்டன் தீ முடிந்ததும் பொன்னுத்தாய் பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"அங்கன ஊரே எரியுது, இங்கன குளம் நெறஞ்சு கெடக்கு. பாத்துக்கிட்டா நிப்போம்? நம்ம பொம்பளைகள ரெண்டு பேரக் கொடத்தோட வரைஞ்சு விடு."

இசக்கி ஐந்து பேரை வரைந்தார்.

ஜனவரி 16, காணும் பொங்கல், மாலை நாலு மணி. பக்கத்து ஊரிலிருந்து மூன்று டிராக்டரில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தலைவர் கோட்டைச்சாமி, கஞ்சி போட்ட வேட்டி, ஐம்பது வயதிருக்கும். சுவரை ஒரு முறை நடந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் துண்டால் கண்ணைத் துடைக்கும்வரை நிறுத்தவில்லை.

"என்ன மதினி, ஒரே வாரத்துல ஒங்க குளம் பச்சப்புள்ளயாயிட்டு? எங்களுது 868. கல்லு இருக்கு, சாட்சி வேண்டாம். குடுங்க தேங்காய."

இந்த ஊர் ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்தார், அந்தப் பார்வை நல்லதாக இல்லை. என் பை பம்ப்செட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓட எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டேன்.

பொன்னுத்தாய் சொன்ன சொல் மாறாமல் தேங்காயை நீட்டினார். கோட்டைச்சாமி கை வைத்தும்விட்டார். அதற்குள் பொன்னுத்தாய் தேங்காயைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"கொளுந்தனாரே, ஒரு நிமிசம். ஒங்க கல்லுல எண்ணுக்கு மேல என்ன எழுதியிருக்கு?"

"அது எதுக்கு இப்ப? கொல்லம் 868, மாசி."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்கும். விரலை மடக்க ஆரம்பித்தார். அவர் ஊர்க்காரர் ஒருவர் டிராக்டர் மேலிருந்து, "1693 வருது மாமா" என்று கத்தினார்.

"ஒன்ன எவம்லே கேட்டான்?"

"அப்பவும் இருபத்தேழு, இப்பவும் இருபத்தேழு" என்றார் பொன்னுத்தாய். "தள்ளி நில்லும், ஓடு தெறிக்கும்."

இதை நான் முந்தியே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் எங்கள் கல்லை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே அடியில் தேங்காய் இரண்டாயிற்று. குலவைச் சத்தத்தில் கரையிலிருந்த கொக்குகள் எழுந்து போயின.

கோட்டைச்சாமி இரண்டாவது தேங்காயை உடைத்துவிட்டு நேராக இசக்கியிடம் வந்தார்.

"ஏலே, எங்க ஊர்லயும் ஒரு செவரு கெடக்கு. 1693-ல என்ன நடந்துச்சுன்னு பாரு."

இசக்கி போனைத் தட்டினார். "பாண்டிச்சேரிய டச்சுக்காரன் புடிச்சிருக்கான்."

"பாண்டிச்சேரியா? போதும். எங்க ஊர்ல அத்தன ஆம்பளையும் வந்து பாப்பான்."

ஜனவரி 17, காலை எட்டு மணி. இசக்கி அங்கேயும் கூப்பிட்டார், ஒரே வேலையில் இரண்டு வாரம் என்றால் எனக்குக் கால் அரிக்கும். சங்கரன்கோவில் வந்து மதியம் வரை சுற்றினேன். மட்டன் பிரியாணி நன்றாகச் சாப்பிட்டேன். சொந்த ஊர் தேனிப் பக்கம்; அங்கே போக மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

எங்கள் ஊரிலும் ஒரு குளம் இருந்தது. அதை மூடித்தான் பஸ் ஸ்டாண்டு கட்டினார்கள். திறப்பு விழாக் கல்லில் நாள், மாதம், ஆண்டு எல்லாம் பளிங்கில் வெட்டியிருக்கிறது. குளத்தின் வயதை யாரும் கேட்டதில்லை, நானும்தான். ஸ்டாண்டின் பின்புறம் கழிப்பறைச் சுவரோரமாக ஒரு நீளக் கல் கவிழ்ந்து கிடக்கும், டீக்கடைக்காரர் அதன்மேல் வைத்து விறகு பிளப்பார். இந்த முறை இறங்கியதும் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கனமான கல், இரண்டு ஆள் வேண்டும்.