ஓடும் மோட்டாரைத் தொடும் கை

ஆலையில் ஓடிக்கொண்டிருந்த பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள் அந்த மெக்கானிக்கல் இன்ஜினியர். வருஷக்கணக்கான பழக்கம். அதுவே இப்போது வினையாகிவிட்டது. தினமும் வேலை முடிந்து மாலை வகுப்பில் எலக்ட்ரிக்கல் படிக்கிறாள். அங்கே ஆய்வகத்தில், மின்சாரத்தை நிறுத்தாமலே இரண்டு தடவை மோட்டாரில் கை வைத்துவிட்டாள். நாளைக்குச் செய்முறைத் தேர்விலும் அப்படித் தொட்டால் ஃபெயில்தான் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், போகிற போக்கில் ஃப்ரிட்ஜைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏம்மா, அதுக்குக் காய்ச்சலா?" என்றாள் மகள்.

"பேசாம நாளைக்குக் கையை வீட்டிலேயே வச்சிட்டுப் போயேன்," என்றான் கணவன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஃபெயிலானா இன்னொரு வருஷம் நான்தானே மாரடிக்கணும்?"



மறுநாள் காலை தேர்வு அறையில் மோட்டார் உறுமியதும் உள்ளங்கை குறுகுறுத்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, இடது கையால் சுவிட்சை அணைத்தாள். டெஸ்டரை வைத்து, மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டாள். அப்புறம்தான் வலது கையை விட்டாள். அது நேரே மோட்டாரின் மேல் போய் உட்கார்ந்தது.