ஆறாவது பாட்டின் கடைசிச் சரணம்

சபையின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வாலிபர் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் போன வாரம் தில்லி மோதி பாக்கில் உள்ள எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார்கள். தலைப்பைக்கூட அவர்களே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். ‘நம் முதல் ராக் ஆல்பம்: ஒரு ரசிகையின் பார்வையில்.’

“நீங்கதான் அக்கா அந்த ராக் பாண்டோட லாங் டைம் ஃபேன். ரெண்டு பக்கம் போதும். கொஞ்சம் ஜல்தி வேணும்” என்றான் ஒருவன்.

டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர்கள் போனதும் பேனாவை எடுத்தேன். ‘தலைநகரில் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்களின் எழுச்சி’ என்று ஒரு வரி எழுதினேன். அதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இது மலரில் வராது. வரவும் வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கரோல் பாக் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் காலையில் இந்தி ஆராதனை நடக்கும். மாலையில் அதே பெஞ்சுகளில் நாங்கள் உட்காருவோம். அந்தச் சபையில்தான் நான்கு பையன்கள் சேர்ந்து ராக் பாண்டு ஆரம்பித்தார்கள். லீட் கிட்டார், ரிதம், டிரம்ஸ் மூன்றும் தில்லியில் பிறந்து வளர்ந்த பையன்கள் கையில். பேஸ் கிட்டார் வாசித்தவன் மட்டும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிளார்க் பரீட்சை எழுதித் தேறி இருபத்திரண்டு வயதில் தனியாக வந்தவன். கரோல் பாக்கில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்தான். ஊரில் அம்மா மட்டும்தான்.

டிரம்ஸ் சத்தம் முதல் தடவை கேட்ட அன்று சபை மூப்பர் ஒருவர் எழுந்து நின்று, “இது ஆராதனையா, கல்யாண பராத்து ஊர்வலமா?” என்று கேட்டார். குதிரையும் மாப்பிள்ளையும்தான் பாக்கி என்று பின் பெஞ்சில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. மினிஸ்ட்ரி ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு, வீட்டில் அப்பாவுடைய இருமலைக் கேட்டுக்கொண்டிருந்த இருபத்தெட்டு வயதுக்காரிக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று மூப்பருக்கு எங்கே தெரியப்போகிறது.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அந்த மூன்று பையன்களும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுவார்கள். அதனால் பாட்டு வரிகளைத் திருத்தும் வேலை தானாக என்னிடம் வந்தது. சிவப்புப் பேனா ஒன்று வைத்திருந்தேன். நான் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு பாட்டும் மேடை ஏறாது என்கிற அளவுக்கு என் தலை கனத்துப் போயிருந்தது.

ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு தேவைப்பட்டது. ஏழு சேர்ந்துவிட்டது. ஏழுமே வெற்றிப் பாட்டு. ஜெயம், ஜெயம் என்று ஒன்று முடியும், அடுத்தது அதே ஜெயத்தில் ஆரம்பிக்கும். அப்போது பேஸ் பையன் ஒரு பாட்டை நல்ல தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தான்.

வாசல் திறந்தேன், வழி பார்த்திருக்கிறேன்.
காலைப் பால் ஆறிப் போயிற்று.
இன்றும் நீர் வரவில்லை.

இப்படியே மூன்று சரணம். கடைசியில் இரண்டே வரி:

வர நேரமாகும் என்றால், ஐயா,
யாரையாவது அனுப்பி வையும்.

நான் படித்துவிட்டு லீட் பையனிடம் கொடுத்தேன். அவன்தான் பாண்டுக்குத் தலைவன் மாதிரி. “அச்சா இருக்கு அக்கா. ஆனா எண்டிங் இப்படி வெச்சா ஜனங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுப் போவாங்க. விக்டரி வேணும்” என்றான்.

நானும் அதேதான் நினைத்தேன். எங்கள் கூட்டங்களில் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. கஷ்டம் இருக்கும்போது யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். அது தீர்ந்த பிறகுதான் எழுந்து நின்று, இப்படி இருந்தேன், கர்த்தர் இப்படி ஆக்கினார் என்பார்கள். தீராத கஷ்டத்தை அப்படியே கொண்டுவந்து சபை முன்னால் வைப்பது விசுவாசக் குறைவு. எனவே பேஸ் பையனுடைய கடைசி இரண்டு வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். லஞ்ச் டைமில், டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்து நான்கு வரி எழுதினேன்.

வந்தீரே ஐயா வந்தீரே,
வாசல் நிறைய வந்தீரே,
கண்ணீர் துடைத்து நின்றீரே,
கவலை எல்லாம் வென்றீரே.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவனிடம் காட்டினேன். வாங்கி இரண்டு தடவை படித்தான்.

“நல்லா இருக்குக்கா. ஆனா இன்னும் வரலியே” என்றான்.

“பாடப் பாட வருவாரு, போ” என்றேன். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஜனவரியில் பதிவு நடந்தது. ஒரு பள்ளிக்கூட ஹாலில், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க எல்லார் வீட்டு ரஜாய்ப் போர்வைகளையும் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டோம். ஹால் முழுக்கப் பூச்சி உருண்டை வாசனை. தில்லிக் குளிரில் பையன்களின் விரல் விறைத்துப் போக, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ஹீட்டர் முன்னால் ஓடிப்போய்க் கையைக் காட்டினார்கள். வீட்டில் அன்றைக்குப் போர்த்திக்கொள்ள ரஜாய் இல்லாமல் அப்பா என்னைத் திட்டித் தீர்த்தார். ஆல்பத்தில் ஆறாவதாக வைத்திருந்த பேஸ் பையனின் பாட்டை அவனே முன்னால் நின்று பாடினான். கடைசிச் சரணத்தை நான்கு பேரும் சேர்ந்து பாட வேண்டும் என்று ஏற்பாடு. நான் மூலையில் நின்று என் வரிகளுக்காகக் காத்திருந்தேன். அவை வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்தக் கேசட்டை நான் எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்குப் போகிறவர்கள் பையில் எல்லாம் இரண்டு திணித்துவிடுவேன். எல்லோருக்கும் பிடித்தது ஆறாவது பாட்டுதான். அதிலும் அந்தக் கடைசிச் சரணம். இரண்டே மாதத்தில் மற்ற சரணங்களை விட்டுவிட்டு அதை மட்டும் தனிக் கோரஸாகக் கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பராத்து என்று கேட்ட மூப்பரே கைதட்டினார்.

ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு ஞாயிறு, சாட்சி நேரத்தில் பேஸ் பையன் எழுந்தான். மின்விசிறி ஓடாத புழுக்கம். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தோம்.

“நாலு மாசமா சரியா ஒறக்கம் இல்ல. ஆபீசுல ஃபைலத் தொறந்து வச்சா எழுத்து ஓட மாட்டேங்கு. ஜெபம் பண்ணுதேன். செவுத்துகிட்டப் பேசுத மாதிரி இருக்கு” என்றான். சொல்லிவிட்டு நின்றான்.

நாங்கள் காத்திருந்தோம். ‘ஆனாலும் கர்த்தர்’ என்று அடுத்து வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அது வரவில்லை. அவன் உட்கார்ந்துவிட்டான். பின்னாலிருந்து பழக்க தோஷத்தில் ஒருவர் “அல்லேலூயா” என்றார். லீட் பையன் சட்டென்று எழுந்து, “ஆனாலும் நம்ம கர்த்தர் நல்லவர்” என்று அவனுக்காக முடித்துவைத்து, ‘வந்தீரே’ என்று எடுத்தான். சபை முழுக்கக் கைதட்டிப் பாடியது. நானும் தட்டினேன். நல்ல நேரத்தில் என் சரணம் கைகொடுத்தது என்றுதான் அப்போது தோன்றியது. இதை எழுத எனக்குக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

கூட்டம் முடிந்ததும் அவன் என்னிடம் வந்தான். “ஒரு ஞாயித்துக்கெழம நம்ம ரூமுக்கு அப்பாவயும் கூட்டிட்டு வாங்களேன்க்கா. டீ போட்டுத் தாரேன்” என்றான். வருகிறேன் என்றேன். போகவில்லை. போகாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒரு வேலை இருந்தது.

நவம்பரில் அவன் இறந்தான். சபையில் மாரடைப்பு என்று அறிவித்தார்கள். இருபத்தாறு வயதில் மாரடைப்பு. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அவனே முடித்துக்கொண்டான் என்பது எங்களில் நான்கைந்து பேருக்குத் தெரியும். அவன் அம்மா ஊரிலிருந்து வந்து சேர மூன்று நாள் ஆனது. அடக்கத்தின்போது சவப்பெட்டிக்கு முன்னால் நின்று எல்லோரும் அவன் பாட்டையே பாடினார்கள். அவன் பாட்டு என்றால் கடைசிச் சரணம். வந்தீரே ஐயா வந்தீரே. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அழுகிறேன் என்று நினைத்து ஒருத்தி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து அவன் அறையைக் காலி செய்ய அம்மாவுக்கு உதவப் போனேன். அப்போதுதான் அந்த மாடிப்படியில் முதல் தடவையாக ஏறினேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில் இரண்டு சட்டை. அம்மா சட்டைகளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். சாமான் குறைவாக இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று பயந்தார் போலும்.

“மார்ச் மாசம் ஒரு லெட்டர் போட்டிருந்தாம்மா. மனசு சரியில்லன்னு. எனக்குப் பொறுக்கல. என் தம்பிகிட்டச் சொல்லி ரயிலுக்கு டிக்கெட்டு எடுக்கச் சொல்லிட்டேன். அதுக்குள்ள யாரோ கைல கேசட்டு வந்து சேந்துச்சு. பக்கத்து வீட்டுல போட்டுக் கேட்டோம். மொதல்ல கேக்கையில எனக்கு நெஞ்ச அடைச்சிட்டு. பெறவு கடைசில வந்தீரே வந்தீரேன்னு பாடுதான். சரி, ஆண்டவர் புள்ளயத் தொட்டுட்டாரு, இனி பயமில்லன்னு டிக்கெட்ட வேண்டாம்னுட்டேன்.”

நான் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்த நான்கு வரியை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. யாரையாவது அனுப்பி வையும் என்ற வரி கேசட்டில் இருந்திருந்தால் அவர் மறுநாளே ரயிலேறியிருப்பார்.

வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டேன். அது வரை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ரசிகை என்று பெயர். அன்றைக்குத்தான் காதைக் கொடுத்துக் கேட்டேன். முதல் பாட்டில் டிரம்ஸ் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. லீட் கிட்டார் மூன்றாவது பாட்டு முழுக்கச் சுருதி பிசகி ஓடுகிறது. மற்ற ஏழு பாட்டிலும் ஒரே சத்தம். விசுவாசத்தைச் சத்தத்தால் அளந்திருக்கிறோம். ஆறாவது பாட்டில் மட்டும் மூன்று சரணத்துக்கு ஒரு மனிதக் குரல் கேட்கிறது. அது பயந்திருக்கிறது, பயத்தை மறைக்கவுமில்லை. பிறகு என் சரணம் வருகிறது. ரிவைண்ட் செய்து ரிவைண்ட் செய்து கேட்டேன். பேஸ் கிட்டார் இருக்கிறது. பாடுவது மூன்று குரல்தான். அவன் குரல் அதில் இல்லை.

அப்போது எனக்கு அந்த ஹால் ஞாபகம் வந்தது. அவன் மைக்கிலிருந்து ஓரடி பின்னால் தள்ளி, தலையைக் குனிந்து, தந்தியையே பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான். உதடு அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லயித்துப் போய் வாசிக்கிறான் என்று நினைத்தேன்.

அறையைக் காலி செய்த மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா ஊருக்குக் கிளம்பினார். ஸ்டேஷனுக்கு நானும் லீட் பையனும் போனோம். அவன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அம்மா, அது உங்கள் மகன் எழுதியது இல்லை, நான் எழுதியது, அவன் அதைப் பாடவும் இல்லை. ஜன்னல் பக்கம் குனிந்தேன். அவர் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு முந்திக்கொண்டார்.

“நீ அங்கதானம்மா இருந்த. அந்தக் கடைசிச் சரணம் பாடையில அவன் மொகம் எப்பிடி இருந்துச்சு?”

“சிரிச்சிட்டே பாடினான்மா” என்றேன். “கண்ண மூடிட்டு, சிரிச்சிட்டே பாடினான்.”

அவர் ஸ்தோத்திரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை எழுதவும் எனக்குப் பத்து நிமிஷம் தேவைப்படவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்து ஒரு கார்டு போட்டிருந்தார். தம்பி ஒரு டேப் ரிகார்டர் வாங்கிக் கொடுத்திருப்பதாகவும், தினமும் சாயங்காலம் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்பதாகவும், கடைசிச் சரணம் வரும்போது நான் சொன்ன முகத்தை நினைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.